கணித மென்பொருளுக்கு ஓர் அரிச்சுவடி
எழுதும் முறையும் எழுத வேண்டிய காரணமும்

எந்தக் கலைக்கும் அரிச்சுவடி ஒன்று உண்டு. அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை மனனம் செய்த பிள்ளையே பின்னாளில் கடைக்கணக்கையும் நிலக்கணக்கையும் தடையின்றிப் போட்டான். பெரிய நூல்களை எழுதியவர்களை உலகம் போற்றுகிறது. அரிச்சுவடி எழுதியவர்களின் பெயரோ பெரும்பாலும் மறைந்து போகிறது. ஆயினும், பெரிய நூலை நோக்கி ஒரு மாணாக்கன் நடக்கத் தொடங்குவதும், அஞ்சித் திரும்பிவிடுவதும் அந்தச் சிறு நூலைப் பொறுத்தவை.

இக்காலத்தில் கணிதத்தோடு நெருங்கிய உறவு கொண்ட புதிய கருவி ஒன்று தோன்றியிருக்கிறது. அதுவே கணித மென்பொருள். பொறியியல், விஞ்ஞானம், பொருளியல் ஆகிய துறைகளில் உயர்கல்வி பயிலும் எவரும் இதனைத் தொடாமல் இருக்க முடியாது. மலாக்கா மாநிலத்தை எடுத்துக் கொண்டால், மெர்லிமாவ் பாலிடெக்னிக், டுரியான் துங்காலில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், ஆயர் குரோ பகுதியில் உள்ள பல்லூடகப் பல்கலைக்கழகம் ஆகியவை செர்காம், ஜாசின் வட்டாரத் தோட்டங்களிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்திலேயே இருக்கின்றன. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் 6 ஆண்டுகள் தமிழில் கணக்குக் கற்ற பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அதனை மலாயில் தொடர்கிறது. பல்கலைக்கழகத்தில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் முடிக்கிறது. மூன்றாவது படியில் கால் வைக்கும்போதுதான் கணித மென்பொருள் அதன் எதிரே வந்து நிற்கிறது. மொழி புதிது, கருவி புதிது, கணக்கும் கடினம் என்று மூன்று சுமைகள் ஒரே நாளில் ஏறுகின்றன. அவற்றுள் ஒன்றையேனும் இறக்கி வைப்பது நல்ல முதல் நூலின் கடமையாகும்.

இம்மென்பொருள் யாது?

கைக்கடக்கமான கணக்குப்பொறியில் ஒரு சமயத்தில் ஓர் எண்ணைத்தான் தட்ட முடியும். கணித மென்பொருளோ எண்களை வரிசையாகவும் கட்டம் கட்டமாகவும் ஏற்றுக்கொண்டு, அவை அனைத்தின் மீதும் ஒரே கட்டளையில் வேலை செய்யும். சமன்பாடுகளைத் தீர்க்கும், வரைபடம் கீறும், ஒரே கணக்கை ஆயிரம் முறை சலிப்பின்றித் திரும்பச் செய்யும்.

இதில் இரு வகை உண்டு. ஒன்று எண்களைக் கொண்டு விடை காண்பது. மேட்லேப், ஆக்டேவ், சைலேப் ஆகியவை இவ்வகையின. மற்றொன்று எழுத்துகளையும் குறிகளையும் வைத்து, மனிதன் தாளில் செய்வது போலவே, இயற்கணிதம் செய்வது. மேத்தமெட்டிக்கா, மேப்பிள் ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. இரண்டுக்கும் இடையில் தெளிவான வேலி இல்லை. ஒன்றின் வேலையை மற்றொன்றும் ஓரளவு செய்யும். எனினும் முதல் நூல் எழுதுபவர் தம் மென்பொருள் எவ்வகையைச் சேர்ந்தது என்பதை முதற் பக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையேல், மூன்றில் ஒரு பங்கு என்னும் விடையை எதிர்பார்த்த மாணாக்கன் திரையில் 0.3333 என்று கண்டு, தான் ஏதோ தவறு செய்துவிட்டதாக எண்ணிக் குழம்புவான்.

மாணவர் இடரிலிருந்து பிறந்தவை

இம்மென்பொருள்களுள் புகழ் மிக்க இரண்டு, மாணாக்கரின் இடரைத் தீர்க்கவே பிறந்தவை. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ பல்கலைக்கழகத்தில் கணிதம் போதித்து வந்த கிளீவ் மோலர் என்னும் பேராசிரியர், லின்பேக், ஐஸ்பேக் என்னும் கணக்கு நிரல் தொகுதிகளைத் தம் மாணாக்கர் பயன்படுத்த வேண்டும் என்று விரும்பினார். அவற்றைக் கையாளுவதற்கு ஃபோர்ட்ரான் என்னும் நிரல்மொழி தெரிந்திருக்க வேண்டும். கணக்கைக் கற்க வந்தவன் நிரல்மொழியில் சிக்கிக் கொள்ளாதிருக்கும் பொருட்டு, எளிய கட்டளைகளைத் தட்டினால் விடை தரும் ஒரு கருவியை அவர் உருவாக்கினார். ‘அணி ஆய்வுக்கூடம்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் சுருக்கமாக அதற்கு மேட்லேப் எனப் பெயர் வைத்தார். 1984இல் ஜாக் லிட்டில் முதலியோருடன் சேர்ந்து அவர் நிறுவிய மேத்வொர்க்ஸ் நிறுவனம் அதனை வணிகப் பொருளாக உலகெங்கும் பரப்பியது.

ஆக்டேவின் வரலாறும் இதனை ஒத்ததே. இரசாயனப் பொறியியலில் வினைக்கலன்களை வடிவமைப்பது பற்றி ஜேம்ஸ் ராலிங்ஸ், ஜான் எக்கர்ட் ஆகிய இரு பேராசிரியர்கள் பாடநூல் எழுதி வந்தனர். அப்பாடநூலுக்குத் துணைக்கருவியாக ஒரு மென்பொருள் வேண்டும் என்னும் எண்ணம் 1988 அளவில் எழுந்தது. மாணாக்கர் இரசாயனத்தைக் கற்பதற்குப் பதிலாக ஃபோர்ட்ரான் நிரலில் உள்ள பிழைகளைத் தேடியே காலத்தைக் கழித்ததுதான் அதற்குக் காரணம். ஜான் ஈட்டன் என்பவர் 1992இல் முழுநேரமாக அவ்வேலையில் இறங்கினார். 1994 பிப்ரவரியில் முதற் பதிப்பு வெளிவந்தது. இசையில் வரும் ‘ஆக்டேவ்’ என்னும் சொல்லுக்கும் இப்பெயருக்கும் தொடர்பு இல்லை. காகிதத்தின் ஓரத்தில் விரைவாக மதிப்புக் கணக்குப் போடுவதில் வல்லவராக விளங்கிய ஆக்டேவ் லெவன்ஸ்பீல் என்னும் ஆசிரியரின் பெயரே அது. மாணவர் தம் ஆசிரியருக்குச் செய்த மரியாதை என்றே இதனைக் கொள்ளலாம்.

மேட்லேப்பை உரிமம் பெற்றுத்தான் பயன்படுத்த வேண்டும். பல்கலைக்கழகம் தன் மாணாக்கருக்கு அவ்வுரிமத்தை வாங்கித் தரக்கூடும். படிப்பு முடிந்து வெளியேறினால் அந்த வசதியும் நின்றுவிடும். ஆக்டேவோ யாவரும் இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தவும், பிறருக்குக் கொடுக்கவும், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தவும் உரிமையளிப்பது. மேட்லேப்புக்கென எழுதிய கட்டளைகளிற் பெரும்பாலானவை அதில் அப்படியே இயங்கும். ஆதலின், பணவசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளை மனத்திற் கொண்டு முதல் நூல் எழுதுபவர் ஆக்டேவையோ சைலேப்பையோ தேர்ந்து கொள்வது பொருத்தமாகும்.

பம்பாயிலிருந்து ஒரு முன்மாதிரி

தொடக்கநிலை வழிகாட்டிகளைப் பெரும் எண்ணிக்கையில், ஒழுங்கான முறையில் உருவாக்கிய இடம் ஒன்று இந்தியாவில் இருக்கிறது. பம்பாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இரசாயனப் பொறியியற் பேராசிரியராக விளங்கிய கண்ணன் மௌட்கல்யா, இந்திய அரசின் கல்வி அமைச்சு அளித்த பொருளுதவியுடன் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ எனப்படும் பேசும் பாடங்களை நடத்தினார். சைலேப் போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கல்லூரிகளிற் பரப்பும் ‘ஃபாஸீ’ என்னும் திட்டமும் அவ்விடத்திலேயே உருவாயிற்று.

ஒவ்வொரு பேசும் பாடமும் ஏறத்தாழ 10 நிமிடம் ஓடும். திரையில் மென்பொருள் இயங்கும். பின்னணியில் ஒரு குரல் விளக்கும். மாணாக்கன் கணினித் திரையின் ஒரு பாதியில் பாடத்தையும், மறு பாதியில் மென்பொருளையும் வைத்துக் கொண்டு, பாடத்தை நிறுத்தி நிறுத்தித் தானும் செய்து பார்க்க வேண்டும். பாடத்தை முதலில் எழுத்தில் அமைப்பார்கள். எழுதிய தாளில் இரண்டு பத்திகள் இருக்கும். ஒன்றில் திரையில் காண்பது, மற்றொன்றில் அந்நேரத்தில் பேச வேண்டியது. திரையில் ஒன்றும் நிகழாத இடத்தில் நீண்ட பேச்சு இருந்தாலும், பேச்சில்லாமல் திரையில் பல காரியங்கள் நடந்தாலும் அந்தத் தாளே குறையைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இதனினும் மேலான ஏற்பாடு ஒன்று உண்டு. எழுதிய பாடத்தை அம்மென்பொருளை அறியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் அதைப் படித்தே செய்து முடிக்கிறாரா என்று பார்ப்பார்கள். வல்லுநர் சரி என்று சொன்னால் மட்டும் போதாது. புதியவரும் சரி என்று சொல்ல வேண்டும். ஒலிப்பதிவு அதன் பின்னரே. பிறகு அப்பேச்சு தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகள் பலவற்றில் மாற்றப்படுகிறது. திரையில் வரும் சொற்கள் ஆங்கிலத்திலேயே இருக்க, விளக்கம் மட்டும் தாய்மொழியில் ஒலிக்கிறது. நம் மாணாக்கருக்கு ஒரு நூல் எழுத முற்படுபவர் இம்முறையிலிருந்து கற்றுக் கொள்ள வேண்டியவை பல.

முதற் பாடத்தில் வர வேண்டியவை

முதல் நூல் மென்பொருளின் பட்டியல் அன்று. எல்லாக் கட்டளைகளையும் அகரவரிசையில் அடுக்கிக் காட்டும் நூல் அகராதியாகும்; அகராதியைப் படித்து எவரும் பேசக் கற்றதில்லை. முதல் அமர்விலேயே மாணாக்கன் தனக்குப் பழக்கமான ஒரு கணக்கைப் போட்டு, தாளில் போட்ட விடையும் திரையில் வந்த விடையும் ஒன்றாக இருக்கக் காண வேண்டும். அந்நம்பிக்கை பிறந்தபின் மற்றவற்றைக் கற்பிப்பது எளிது.

உதாரணமாக, பள்ளிக் கடையில் 3 நோட்டுப்புத்தகமும் 2 பேனாவும் வாங்கினால் 13 ரிங்கிட். 1 நோட்டுப்புத்தகமும் 4 பேனாவும் வாங்கினால் 11 ரிங்கிட் என்று வைத்துக் கொள்வோம். ஒன்றின் விலை என்ன? இடைநிலைப்பள்ளி மாணாக்கன் இதனைத் தாளில் தீர்த்து, நோட்டுப்புத்தகம் 3 ரிங்கிட், பேனா 2 ரிங்கிட் என்று கூறிவிடுவான். ஆக்டேவில் இதற்குத் தட்ட வேண்டியது ஒரே வரி:

[3 2; 1 4] \ [13; 11]

விடை 3, 2 என்று ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். இந்த ஒரு வரியிலேயே கற்பிக்க வேண்டிய செய்திகள் நான்கு அடங்கியிருக்கின்றன. சதுர அடைப்பு எண்களின் கட்டத்தைக் குறிக்கும். இடைவெளி ஒரே வரிசையில் அடுத்த எண்ணைக் குறிக்கும். அரைப்புள்ளி அடுத்த வரிசைக்கு இறக்கும். இடப்பக்கம் சாய்ந்த கோடு ‘இச்சமன்பாடுகளைத் தீர்’ என்று ஏவும். வலப்பக்கம் சாய்ந்த கோட்டுக்குப் பொருள் வேறு. இரண்டு கோடுகளும் ஒன்றுபோல் தோன்றுவதால், எந்தச் சாவியை அழுத்துவது என்பதையும் நூலில் காட்ட வேண்டும்.

அடுத்து விளக்க வேண்டியது சமக்குறி. பள்ளிக் கணிதத்தில் சமக்குறியின் இரு பக்கமும் சமம். ஆகவே, ஓர் எண்ணும் அதனோடு 1 கூட்டியதும் சமம் என்று எழுதுவது அபத்தம். மென்பொருளிலோ சமக்குறி ஒரு கட்டளை. ‘வலப்பக்கத்து விடையை இடப்பக்கத்துப் பெட்டியில் வை’ என்பதே அதன் பொருள். தோட்டத்துக் கிராணியார் நேற்றுவரை வந்த மொத்த எடையோடு இன்றைய எடையைக் கூட்டி, பழைய தொகையை அடித்துவிட்டு அதே இடத்தில் புதுத் தொகையை எழுதுகிறார் அல்லவா? அதனை ஒத்ததே இது. இரண்டும் சமமா என்று வினவ வேண்டுமானால் சமக்குறியை இரட்டித்து இட வேண்டும். இவ்வேறுபாட்டை முதற் பாடத்தில் சொல்லாத நூலைப் படிப்பவன் பல நாள் தடுமாறுவான்.

பிழைச்செய்தியே ஆசிரியன்

பல வழிகாட்டி நூல்களில் எல்லாம் சரியாகவே நடக்கும். ஆசிரியர் தட்டிய வரியும் வந்த விடையும் அழகாக அச்சிடப்பட்டிருக்கும். மாணாக்கன் தட்டும்போதோ சிவப்பு எழுத்தில் ஏதோ வருகிறது. நூலில் அதற்கு விளக்கம் இல்லை. வீட்டிலும் கேட்க ஆளில்லை. கணினியை மூடி வைத்துவிடுகிறான். ஆகவே, வரக்கூடிய பிழைகளை ஆசிரியர் தாமே வரவழைத்துக் காட்டி, அவற்றின் பொருளை உரைத்து, தீர்க்கும் வழியையும் கூறுவது இன்றியமையாதது.

ஓர் உதாரணம் காண்போம். பால்மரம் சீவும் ஒருவர் 3 நாட்களில் 12, 15, 14 கிலோ கட்டிப்பால் கொண்டு வருகிறார். அந்நாட்களில் கிலோ விலை 3, 3.20, 3.10 ரிங்கிட் என்று கொள்வோம். அந்தந்த நாள் எடையை அந்தந்த நாள் விலையால் பெருக்க வேண்டும். இரு வரிசைகளையும் எழுதி இடையில் பெருக்கல் குறியாகிய நட்சத்திரத்தை இட்டால் ஆக்டேவ் விடை தராது. ‘நான்கன்ஃபார்மன்ட் ஆர்கியூமென்ட்ஸ்’ என்று ஒரு செய்தியை வெளியிட்டு, 1×3, 1×3 என்று இரு அளவுகளைக் காட்டும். படிப்பவனுக்கு இது மந்திரம் போலத் தோன்றும். அதன் பொருளோ எளிது: ‘நீ கொடுத்த இரண்டும் பெருக்குவதற்கேற்ற அளவில் பொருந்தவில்லை, இரண்டும் 1 வரிசையும் 3 நிரலும் உடையவை’ என்பதே.

ஏன் பொருந்தவில்லை? ஆக்டேவுக்கு நட்சத்திரக் குறி அணிப் பெருக்கலைக் குறிக்கும். அணிப் பெருக்கலில் முதலாவதன் நிரல்களும் இரண்டாவதன் வரிசைகளும் எண்ணிக்கையில் ஒத்திருக்க வேண்டும். நேருக்கு நேர் பெருக்க வேண்டுமானால் நட்சத்திரத்தின் முன்னே ஒரு புள்ளி இட வேண்டும். அவ்வாறு இட்டால் 36, 48, 43.4 என்று ஒவ்வொரு நாளின் வருவாயும் தனித்தனியே வரும். அப்படியன்றி, விலை வரிசையின் பின்னே ஒற்றை மேற்கோள் குறியை இட்டு அதனை நிரலாகத் திருப்பி, புள்ளியில்லாத நட்சத்திரத்தால் பெருக்கினால் 127.4 என்று மொத்த வருவாயே வந்துவிடும். அணிப் பெருக்கல் என்பது பெருக்கிக் கூட்டுவதே என்னும் உண்மை இவ்விடத்தில் மாணாக்கனுக்குத் தானாகவே விளங்கும். தவறாக வந்த ஒரு செய்தி கணிதத்தின் ஓர் அதிகாரத்தையே கற்பித்துவிடுகிறது.

பிழைச்செய்தி வராத பிழை இன்னும் அபாயமானது. 30 பாகையின் சைன் மதிப்பு 0.5 என்பது பள்ளிப் பாடம். ஆக்டேவில் சைன் என்னும் கட்டளைக்கு 30ஐக் கொடுத்தால் -0.988 என்று வரும். மென்பொருள் கோணத்தைப் பாகையில் அல்ல, ரேடியனில் கொள்வதே காரணம். பாகைக்கு ‘சைன்டி’ என்று தனிக் கட்டளை உண்டு. இங்கே எச்சரிக்கை எதுவும் வராது. பொய்யான விடை மெய்யான விடை போலவே வந்து நிற்கும். ஆகவே, ‘விடை எவ்வளவு இருக்கலாம் என்று முன்னரே மனத்தில் மதிப்பிட்டுக் கொள்’ என்னும் பழக்கத்தை நூல் முழுவதிலும் வற்புறுத்த வேண்டும். வாய்ப்பாட்டையும் மனக்கணக்கையும் கணினி வந்து ஒழித்துவிட்டது என்று எண்ணுவது பேதைமை. பொறி சொல்லும் விடையைச் சோதிக்க அவையே உரைகல்.

கணினியும் தசமமும்

0.1உடன் 0.2ஐக் கூட்டினால் 0.3 என்பது ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ‘இரண்டும் சமமா?’ என்று ஆக்டேவைக் கேட்டால், ‘இல்லை’ என்பதைக் குறிக்கும் 0 என்று பதில் வருகிறது. கூட்டுத்தொகையிலிருந்து 0.3ஐக் கழித்தால் பூச்சியம் வராமல், தசமப் புள்ளிக்குப் பின் 16 பூச்சியங்களைத் தாண்டி ஒரு நுண்ணிய எண் வருகிறது. கணினி பழுதாகிவிட்டதா?

இல்லை. மனிதன் பத்துப் பத்தாக எண்ணுகிறான். கணினியோ இரண்டு இரண்டாக எண்ணுகிறது. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதப் புகுந்தால் 0.333 என்று முடிவின்றிப் போவது போல, பத்தில் ஒரு பங்கை இரண்டின் அடிப்படையில் எழுதினால் அதுவும் முடிவின்றிப் போகிறது. கணினியின் நினைவகத்தில் இடம் அளவானது. ஆதலால் ஓரிடத்தில் வெட்டிவிடுகிறது. ஏறத்தாழ 16 இலக்கம் வரை சரியாக இருக்கும். அதன் பின் சிறு எச்சம் நிற்கும். ஆகவே, தசம எண்கள் இரண்டும் அணுவும் பிசகாமல் சமமா என்று கேட்பதை விடுத்து, அவற்றின் வேறுபாடு மிகச் சிறியதா என்று கேட்பதே முறை. இதனை அரைப் பக்கத்தில் விளக்கிவிடலாம். விளக்காமல் விட்டால், பிற்காலத்தில் பாலம் கட்டவும் மின்சுற்று அமைக்கவும் போகும் மாணாக்கன் தன் கருவியின் எல்லையை அறியாமலே அதனை நம்பியிருப்பான்.

கலைச்சொல் என்னும் சிக்கல்

தமிழில் எழுதப் புகுந்தவர் எதிர்ப்படும் பெரிய மேடு கலைச்சொல். எண்களின் கட்டத்தைத் தமிழ்நாட்டுப் பாடநூல் ‘அணி’ என்கிறது. இலங்கைப் பாடநூல் ‘தாயம்’ என்கிறது. தமிழ்நாட்டில் ‘இயற்கணிதம்’ என்பதை இலங்கையார் ‘அட்சரகணிதம்’ என்பர். மலேசியப் பிள்ளையோ இப்பொருளை ஐந்தாம் படிவத்தில் ‘மாத்ரிக்ஸ்’ என்று மலாயிலேயே முதன்முதலாகச் சந்திக்கிறது. அப்பிள்ளைக்கு அணி என்று மட்டும் எழுதினாலும் விளங்காது; தாயம் என்று எழுதினால் பல்லாங்குழியும் பரமபதமுமே நினைவுக்கு வரும். ஆகவே முதன்முறை வரும்போது அணி, அதாவது மாத்ரிக்ஸ், என்று இரண்டையும் தந்து, பிறகு ஒரே சொல்லை நூல் முடியும்வரை மாறாமல் ஆள வேண்டும். நடைக்கு அழகு வேண்டிச் சொல்லை மாற்றி மாற்றி எழுதுவது கட்டுரையில் சிறப்பாகலாம். அரிச்சுவடியில் அது குற்றம்.

மென்பொருளின் கட்டளைச் சொற்களைத் தமிழாக்கலாகாது. திரையில் எவ்வெழுத்தில் தட்ட வேண்டுமோ அவ்வெழுத்திலேயே நூலில் அச்சிட்டு, ஒலிப்பையும் பொருளையும் தமிழில் அருகே தர வேண்டும். கருத்து தமிழில் விளங்க வேண்டும். கட்டளை கருவியின் மொழியில் இருக்க வேண்டும். பேசும் பாடங்களில் திரையை ஆங்கிலமாக விட்டுவிட்டு விளக்கத்தை மட்டும் தமிழாக்கியதன் நுட்பமும் இதுவே.

தமிழில் இது வேண்டுமா?

‘பல்கலைக்கழகத்தில் எப்படியும் ஆங்கிலத்தில்தானே படிக்கப் போகிறார்கள், தமிழில் இது எதற்கு?’ என்று வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. இந்நாட்டில் 2003ஆம் ஆண்டு கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்தில் போதிக்கப்படும் கொள்கை வந்தது. 2009இல் அதனைக் கைவிடுவதாக அறிவித்து, 2012 முதல் படிப்படியாக மாற்றினார்கள். 2016இல் இருமொழித் திட்டம் தொடங்கியபோதும் தமிழ்ப்பள்ளிச் சமூகத்தில் இதே வாதம் எழுந்தது. பெற்றோரின் கவலையை எள்ளி நகையாடுவது தகாது. பிள்ளை முன்னேற வேண்டும் என்னும் ஒரே எண்ணமே இரு தரப்பிலும் இருக்கிறது.

எனினும், பயிற்றுமொழி வேறு, விளக்கநூலின் மொழி வேறு. தேர்வை எம்மொழியில் எழுதினாலும், இரவில் தனியே அமர்ந்து ஒரு கருத்தோடு போராடும்போது வீட்டுமொழியில் ஒரு விளக்கம் கிடைத்தால் அது கைவிளக்காக உதவும். ஆங்கிலத்தை விலக்குவதற்காக அன்று, ஆங்கில நூலிடம் அச்சமின்றிச் செல்வதற்காகவே தமிழ் அரிச்சுவடி வேண்டும்.

தமிழால் இது இயலுமா என்னும் ஐயத்துக்கு வரலாறே விடை சொல்லும். 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் கறல் விசுவநாதபிள்ளை ‘வீசகணிதம்’ என்னும் நூலைத் தமிழில் இயற்றினார். அதே நூற்றாண்டில் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களை வெளியிட்டார். கணினியில் தமிழ் எழுத்து உலாவுவதற்கு 1980களிலேயே ‘முரசு’ மென்பொருளை உருவாக்கி உழைத்தவர் மலேசியத் தமிழராகிய முத்து நெடுமாறன். முத்து அண்ணாமலை ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியை மாணாக்கருக்காக அமைத்து, 2009இல் அதனைப் பற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். எழிலில் நிபந்தனை முன்னே வந்து ‘ஆனால்’ என்னும் சொல் பின்னே வரும். தமிழ் வாக்கியத்தின் இயல்பே அதுவல்லவா? தமிழ்நாட்டில் 2012இல் தொடங்கிய ‘கணியம்’ இதழின் வழியே ‘எளிய தமிழில்’ என்னும் வரிசையில் து. நித்யா, த. சீனிவாசன் முதலியோர் எழுதிய கணினி நூல்கள் இலவசமாக யாவருக்கும் கிடைக்கின்றன. பாதை போடப்பட்டிருக்கிறது, கணித மென்பொருளுக்கும் அப்பாதையை நீட்ட வேண்டியதுதான்.

எழுதியபின் செய்ய வேண்டியவை

எழுதி முடித்தவுடன் அச்சுக்கு அனுப்பலாகாது. முதலாவது, அச்சிடப்போகும் ஒவ்வொரு வரியையும் புதிதாக மென்பொருள் ஏற்றிய ஒரு கணினியில் அப்படியே தட்டிப் பார்க்க வேண்டும். ஆசிரியரின் கணினியில் முன்பே இருந்த ஏதோ ஒன்று அவருக்கு உதவியிருக்கலாம். மாணாக்கனின் கணினியில் அது இராது.

இரண்டாவது, பம்பாயில் செய்தது போல, மென்பொருளை அறியாத ஓரிருவரிடம் நூலைக் கொடுத்து, அருகிலிருந்து பார்க்க வேண்டும். வாய் திறந்து உதவலாகாது. அவர் எங்கே நின்றார், எந்தச் சொல்லை இரண்டு முறை படித்தார், எந்தச் சாவியைத் தேடினார் என்று குறித்துக் கொள்ள வேண்டும். அவர் தடுக்கிய இடமெல்லாம் நூலின் குறையே, அவர் குறையன்று. ஆசிரியப் பயிற்சியில் பாடம் போதிக்கும் பயிற்சி ஆசிரியரைப் பின்வரிசையில் அமர்ந்து கவனிப்பதன் நோக்கமும் இதுவே.

மூன்றாவது, எந்தப் பதிப்பைக் கொண்டு நூல் எழுதப்பட்டது என்பதையும் ஆண்டையும் முகப்பில் குறிக்க வேண்டும். மென்பொருள் மாறிக் கொண்டே இருப்பது. 2015இல் வந்த 4.0 பதிப்பு முதல்தான் ஆக்டேவுக்குச் சாளரங்களோடு கூடிய முகப்பு முறையாக இணைக்கப்பட்டது. அதற்கு முந்திய நூலைக் கையில் வைத்திருப்பவன் தன் திரையில் காண்பது வேறாக இருக்கக் கண்டு மயங்குவான். ஆண்டு குறித்திருந்தால் காரணம் விளங்கிவிடும்.

நான்காவது, நூல் சிறியதாக இருக்க வேண்டும். 10 பாடங்கள் போதும். ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் 3 கணக்குகள். விடைகள் நூலின் கடைசியில். ‘ஹெல்ப்’ என்னும் கட்டளையால் மென்பொருளிடமே உதவி கேட்கும் முறையைக் கடைசிப் பாடம் கற்பிக்க வேண்டும். ஏனெனில், அரிச்சுவடி மாணாக்கனைத் தன்னிடமே நிறுத்திக் கொள்ளாமல் அடுத்த நூலிடம் அனுப்பி வைக்க வேண்டியது.

இத்தகைய நூலை எழுத மேதை வேண்டியதில்லை. கணிதம் அறிந்த ஓர் ஆசிரியர், பல்கலைக்கழகத்தில் அம்மென்பொருளைப் பயின்று திரும்பிய ஒரு பழைய மாணாக்கர், ஒன்றும் அறியாத ஒரு புதிய மாணாக்கர் ஆகிய மூவரும் ஒரு விடுமுறைக் காலத்தில் ஒன்றாய் அமர்ந்தால் போதும். ஆசிரியர் முறையை அறிவார். பழைய மாணாக்கர் கருவியை அறிவார். புதியவர் ஐயங்களைக் கொண்டு வருவார். மூன்றாமவரின் பங்கே மூன்றிலும் பெரியது. ஜாசின் வட்டாரத்தில் இம்மூவரும் இல்லாத ஊர் அரிது. மூவரும் ஒரே மேசையில் அமர்வதே இனி நடக்க வேண்டிய காரியம்.